மாலுமி மேசையின் ஏழாம் இடம்

இராசேஸ்வரிக்கு உலகத்தில் ஏழாம் இடம் கிடைத்திருந்தது புங்குடுதீவு மடத்துவெளியில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் மட்டும் என்ன, "உதாலை என்ன பிரயோசனம்?" என்று கேட்டிருப்பார்கள். அந்த ஊரில் எதைச் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி அதுதான். பின்னேரம் நாலு மணியானால் அவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேவாரம் கேட்கிறாள் என்று ஊர் நம்பியது. கலியாணம் முடிக்காத, ஓய்வூதியம் எடுக்கிற, அறுபது தாண்டிய பெண்ணுக்கு வேறு என்ன வேலை இருக்க முடியும் என்பது ஊரின் கணிப்பு. அவள் அதைத் திருத்தப் போகவில்லை. ஊருக்கு விளக்கம் சொல்லப் புறப்பட்டால் சமையல் நடக்காது.

கதவுக்குப் பின்னால் அவள் விளையாடியது பின்போல். சரிவாக ஒரு மேசை. அதில் ஒரு இரும்புப் பந்து மேலேயிருந்து உருண்டு வரும். கீழே இரண்டு பக்கமும் இரண்டு தட்டுகள், அவள் வைத்த பெயர் செட்டை. பந்து பள்ளத்துக்குள் விழுந்துவிடாமல் செட்டையால் அடித்து மேலே அனுப்பிக்கொண்டே இருக்கவேண்டும். அடிபட்ட இடத்துக்கேற்பப் புள்ளி ஏறும். மரத்தாலும் இரும்பாலும் செய்த உண்மையான மேசையை அவள் கண்ணால் கண்டதில்லை. அவளுடையது 'ரப்' என்கிற கைக்கணினியின் கண்ணாடிக்குள் இருந்த மேசை.

அந்த ரப் கனடாவிலிருந்து வந்தது. கனடாவில் ஒரு சாமானுக்கு வயது போனால் அது புங்குடுதீவுக்கு வரும் என்பது எழுதாத சட்டம். சாறி, குளிர்ச்சட்டை, பழைய போன், காலாவதி நெருங்கிய விற்றமின் குளிசை எல்லாம் அந்தச் சட்டப்படிதான் வந்து சேர்ந்தன. தம்பி தயாபரனின் மகன் பிரவீனனுக்கு ரப் அலுத்துப்போனது. "அக்கா தனியக் கிடக்கிறா, தேவாரம் கேக்கட்டும்" என்று தயாபரன் அதை அனுப்பிவைத்தான். பொடியன் தகப்பனின் கடனட்டையில் வாங்கிவிட்டு மறந்துபோன பின்போல் மேசை ஒன்று அதற்குள் கிடந்தது. தேவாரம் தேடப்போன இராசேஸ்வரி அதைத் தட்டினாள். இது நடந்து ஆறு வருடம்.

மேசையில் ஒரு தாடிக்கார மாலுமி, ஒரு கப்பல், ஒரு வெளிச்சவீடு, ஒரு கடல்பூதம். ஏதோ ஒரு பழைய இங்கிலிஸ் தொலைக்காட்சித் தொடரை வைத்துச் செய்ததாம். தொடரை அவள் பார்த்ததில்லை, பார்க்க விரும்பியதுமில்லை. பந்து விழுந்தால் மாலுமி ஒரு கெட்ட சிரிப்புச் சிரிப்பான். "சிரி, சிரி, உன்ர பல்லைக் கழட்ட வாறன்" என்று இவள் திருப்பிச் சொல்லுவாள். இடது செட்டையால் பந்தைத் தாங்கி, அதன் நுனிவரை உருளவிட்டு, கடைசிக் கணத்தில் அடித்தால் பந்து இடப்பக்க ஏற்றத்தில் ஏறும். மூன்று தரம் ஏற்றினால் வெளிச்சவீடு பற்றும். அது பற்றியிருக்கும்போது மட்டும்தான் பூதம் வாயைத் திறக்கும். திறந்த வாய்க்குள் வலது செட்டையால் பிந்தி அடித்து விழுத்தவேண்டும். முதல் ஒரு வருடம் பூதத்தின் வாயை அவள் காணவேயில்லை. கண்ட அன்று தன் அறைக்குள் தனியே நின்று கைதட்டினாள்.

அந்த ஒரு மணித்தியாலத்தில் அவளுக்கு ஒருவரும் புத்தி சொல்லவில்லை. "ஏன் முடிக்கேல்லை?" என்று கேட்கவில்லை, "தனிய இருக்கப் பயமில்லையோ?" என்று உச்சுக்கொட்டவில்லை. முப்பது வருடம் அரச கந்தோரில் மற்றவர்களின் கடிதங்களைத் தட்டச்சில் தட்டிய விரல்கள் இப்போது தனக்காகத் தட்டின. வாழ்க்கையில் வேறு எதிலும் தன்னை இவ்வளவு கெட்டிக்காரியாக அவள் உணர்ந்ததில்லை. அந்த மேசையில் விளையாடிய உலகத்துச் சனமெல்லாம் ஒரு வரிசையில் இருந்தார்கள். அதில் அவள் படிப்படியாக ஏறி, கடந்த மாசியில் ஏழாம் இடத்துக்கு வந்தாள். தனக்கு முன்னால் நிற்கும் ஆறு பேரும் வேலைவெட்டி இல்லாதவர்கள் என்பது அவளுடைய முடிவு.

வரிசையில் அவள் பெயர் இல்லை. "கனடா தயா" என்று இருந்தது, பக்கத்தில் குட்டியாக ஒரு கொடியும். கணக்கைத் திறந்தது தயாபரன். "அக்காவுக்கு உதுகள் விளங்காது, என்ர பேரிலையே கிடக்கட்டும்" என்று சொல்லிவிட்டான். அதில் அவளுக்கு ஆச்சரியமில்லை. தகப்பன் தம்பிராசா மாத்தறையில் கடை வைத்துத் தேடியதெல்லாம், அவள் குடியிருக்கிற வீடு உட்பட, அவன் பேரில்தான் கிடந்தது. பெண்பிள்ளைக்கு வீடு சீதனமாகத்தான் எழுதப்படும், கலியாணமில்லாதவளுக்குச் சீதனம் எதற்கு என்பது தகப்பனின் கணக்கு. விளையாட்டில் யார் பேர் இருந்தால் என்ன, பந்தை அடிக்கிறது யாரென்று பந்துக்குத் தெரியும் என்று விட்டுவிட்டாள்.

வைகாசியில் ஒருநாள் மேசைக்கு மேலே ஒரு அறிவித்தல் வந்து நின்றது. தொடரின் உரிமைக்காரருக்கும் விளையாட்டுக் கொம்பனிக்கும் இடையில் இருந்த ஒப்பந்தம் மாத முடிவோடு காலாவதியாகிறதாம். அதன்பிறகு மாலுமி மேசை விற்பனைக்கு இல்லை. ஏற்கெனவே இறக்கி வைத்திருப்பவர்கள், அது தங்கள் கருவியில் இருக்கும்வரை விளையாடலாம். ஒருதரம் அழிந்தால் திரும்ப எடுக்க ஏலாது. "உங்கள் புரிந்துணர்வுக்கு நன்றி" என்று கடைசி வரி.

இராசேஸ்வரி அதை மூன்று தரம் வாசித்தாள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காசு கொடுத்து வாங்கிய சாமான் வாங்கின சாமான் இல்லையாம், பாவிக்க விட்ட சாமானாம். தச்சனுக்கும் மரக்காலைக்காரனுக்கும் கோபம் என்பதற்காக, வீட்டுக்குள் கிடக்கிற கதிரையை வந்து யாராவது தூக்கிக்கொண்டு போவார்களா? இவன்கள் செய்வான்கள். செய்துவிட்டு, இன்னும் கொடுக்காத புரிந்துணர்வுக்கு முன்கூட்டியே நன்றியும் சொல்லுவான்கள்.

உடனே தயாபரனுக்குப் போன் எடுத்தாள்.

"தம்பி, அந்த ரப்பிலை நான் விளையாடுற மேசை ஒண்டு இருக்கு. அது இனி உலகத்திலை வாங்க ஏலாதாம். அந்தக் கணக்கிலை ஒண்டையும் அழிச்சுப்போடாதை."

"ஓம் அக்கா, ஓம். நான் இப்ப கார் ஓடுறன்."

"விளங்கினதோ? அழிஞ்சா திரும்ப வராது."

"ஓம் ஓம், பிறகு எடுக்கிறன்."

தயாபரன் கனடாவுக்குப் போன நாளிலிருந்து கார் ஓடிக்கொண்டேயிருக்கிறான். முக்கியமான எந்தக் கதைக்கும் அவன் இறங்கிக் கேட்டதில்லை. பிறகு எடுக்கிறேன் என்றவன் எடுக்கவுமில்லை. மாதம் முடிந்தது. மேசை கடையிலிருந்து மறைந்தது, அவள் ரப்பில் மட்டும் பத்திரமாக இருந்தது. ரப்பை அலுமாரிக்குள், பட்டுச் சேலைக்கு நடுவில் வைத்துப் பூட்டத் தொடங்கினாள். மாலுமி சிரித்தால் இப்போதெல்லாம் கொஞ்சம் அன்பாகத்தான் ஏசினாள்.

ஆனியில் நயினாதீவு அம்மன் திருவிழாவுக்குத் தயாபரன் வந்து இறங்கினான். சாமி கும்பிட மட்டும் வந்ததாக நினைத்தால் அது அவனுக்கு அவமரியாதை. கனடாவில் அவன் ஒரு ஊர்ச் சங்கத்துக்குத் தலைவர். அந்தச் சங்கத்தில் தலைவராக இல்லாதவர்கள் முன்னாள் தலைவர்கள், மிச்சம் உள்ளவர்கள் வருங்காலத் தலைவர்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ரப் கொடுக்கப்போவதாக அவன் போன வருடமே முகநூலில் அறிவித்துவிட்டான். ரப்புக்கு முன்னால் பதாகை வந்தது. பள்ளிக்கூட வாசலில் ஒன்று, சந்தியில் ஒன்று, துறைமுகம் போகிற வழியில் ஒன்று. "இருபத்தைந்து மாணவர்களுக்கு ரப் வழங்கும் மாபெரும் வைபவம்" என்று எழுதி, நடுவில் தயாபரனின் முகம். பள்ளிக்கூடத்தின் பேர் அவன் காதுக்குக் கீழே சின்னதாக இருந்தது. பிள்ளைகளின் படம் எதிலும் இல்லை.

பெட்டிகளை உடைத்துப் பார்த்தபோது ஒரு ரப்பின் கண்ணாடி நொருங்கிக் கிடந்தது.

"இருபத்துநாலு பேருக்குக் குடு. மற்றப் பிள்ளைக்குப் பிறகு வாங்கிக் குடுக்கலாம்" என்றாள் இராசேஸ்வரி.

"என்னக்கா கதைக்கிறியள்? பதாகையிலை இருபத்தைஞ்சு எண்டு அடிச்சாச்செல்லே."

"அப்ப யாழ்ப்பாணம் போய் ஒண்டு வாங்கு."

போனான். விலையைக் கேட்டுவிட்டு, தன்னை யாரோ மானபங்கப்படுத்திய முகத்தோடு திரும்பி வந்தான். கனடாவில் மலிவு விற்பனையில் எடுத்ததற்கு இங்கே இரண்டு மடங்கு சொல்கிறான்களாம், கொள்ளையாம். சாயங்காலம் முழுக்க விறாந்தையில் நடந்துகொண்டே இருந்தான். பதாகைக்கு ஒன்று குறைகிறது என்பதைத் தவிர அவனுக்கு வேறு கவலை இல்லை.

வைபவத்துக்கு முதல் நாள் காலை இராசேஸ்வரி சந்தைக்குப் போனாள். வைபவம் முடிய பள்ளிக்கூட அதிபர், கிராம சேவகர், சங்கத்துப் பிரமுகர்கள் என்று ஒரு பட்டாளத்தையே தயாபரன் வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தான். அவளைக் கேட்டு அழைக்கவில்லை. சமைக்கப்போவது அவள் என்பதால் கேட்கத் தேவையில்லை என்று நினைத்திருப்பான். வாழைக்காய், கத்தரிக்காய், முருங்கைக்காய் என்று இரண்டு பை நிறைய வாங்கிக்கொண்டு அவள் திரும்பியபோது, தம்பி கதிரையில் சாய்ந்திருந்தான். மேசையில் இருபத்தைந்து பெட்டிகள், எல்லாவற்றுக்கும் சிவப்பு நாடா.

"பிரச்சினை முடிஞ்சுது அக்கா. இருபத்தைஞ்சும் சரி."

"எங்காலை இருபத்தைஞ்சு?"

"உங்கடை ரப்தான். அலுமாரிக்குள்ளை சும்மா பூட்டிக் கிடந்தது, திறப்பு கதவிலைதான் தொங்கினது. எல்லாத்தையும் அழிச்சு, கடையிலையிருந்து வந்த மாதிரி ஆக்கிப்போட்டன். ஒருத்தரும் கண்டுபிடிக்க ஏலாது. அடுத்த முறை வரேக்கை உங்களுக்குப் பெரிசொண்டு கொண்டு வாறன்."

இராசேஸ்வரி பெட்டிகளைப் பார்த்தாள். பைகளைக் கீழே வைத்தாள்.

"எல்லாத்தையும் எண்டா?"

"எல்லாத்தையும்தான். தேவாரம் திரும்பவும் இறக்கலாம், பயப்பிடாதேங்கோ."

"நான் போனிலை படிச்சுப் படிச்சுச் சொன்னன், தயா. அழிச்சா வராது எண்டு சொன்னனான்."

"எதை?"

அவன் உண்மையாகவே கேட்டான். அதுதான் அவளுக்குக் கூடுதலாக வலித்தது. பொய் சொல்லியிருந்தால்கூட, கேட்டுவிட்டுத்தான் சொல்கிறான் என்று ஆறியிருப்பாள். அவள் மறுபடி விளக்கினாள். மேசை, மாலுமி, ஒப்பந்தம், காலாவதி. தம்பிக்கு முன்னால் கண்ணீர் வந்தது அவளுக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது.

"இதுக்கே அழுறியள்? ஒரு கேம் தானே. இரண்டு நிமிசம் பொறுங்கோ" என்று அவன் நாடாவை அவிழ்த்தான்.

தயாபரன் தன் கணக்கைத் திறந்தான். விளையாட்டு இறங்கியது. மேசைகளின் வரிசை வந்தது. உதைபந்தாட்ட மேசை, பேய் மேசை, குதிரை மேசை, ஏதோ ஒரு பாட்டுக்காரனின் மேசை. மாலுமி இல்லை. பேரைத் தட்டித் தேடினான், இல்லை. முன்பு வாங்கியவற்றின் பட்டியலில் மட்டும் இருந்தது, சாம்பல் நிறத்தில், மேலே ஒரு பூட்டு.

"வாங்கினதுக்கு ஆதாரம் கிடக்கு அக்கா."

"ஆதாரத்துக்குள்ளை பந்து உருளுமோ?"

கொம்பனியின் உதவிப் பகுதிக்கு எழுதினான். மறுகணமே ஒரு மெசின் பதில் அனுப்பியது. அதற்கு ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் பேர் வைத்திருந்தார்கள். அவனுடைய ஏமாற்றம் தனக்கு முழுமையாகப் புரிகிறது என்றது. வேறு மேசை வாங்கினால் விலையில் பத்து வீதம் கழிவு தரலாம் என்றது. தயாபரன் கழிவைக் கண்டதும் நிமிர்ந்தான்.

"பன்னிரண்டு மேசை சேர்த்து ஒரு பொதி இருக்கக்கா. வாங்கித் தரட்டே?"

"எனக்குப் பன்னிரண்டு வேண்டாம். ஒண்டு இருந்தது. அதைத் தா."

இவனுக்கு வாழ்க்கையில் முதல் தரமாகக் காசால் எடுக்க முடியாத ஒரு சாமான் எதிர்ப்பட்டிருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அதை யோசிக்கிற முகம் அவனிடம் இல்லை. அவன் கணக்கின் வேறொரு பக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தான். திடீரென்று கண்ணாடியைச் சரிசெய்தான்.

"அக்கா, இதென்ன? மாலுமி... உலக வரிசை... ஏழு? கனடா தயா ஏழாம் இடம்?"

"அது நான்."

"இது என்ர கணக்கெல்லே."

"கணக்கு உன்ர. விளையாடினது நான். ஆறு வரியமா விளையாடினனான்."

"அதைத்தான் சொல்லுறன். எங்கடை குடும்பத்துக்குப் பெருமைதானே."

அவன் தன் போனை எடுத்து அந்தப் பக்கத்தைப் படம் பிடித்தான். வெளிச்சம் சரியில்லை என்று இன்னொரு தரமும் பிடித்தான். பிறகு ரப்பைத் திரும்ப அழித்து, பெட்டிக்குள் வைத்து, நாடாவைக் கட்டினான். இராசேஸ்வரி குசினிக்குள் போனாள். அழிந்த ரப்பை இனிப் பிடுங்கி வைத்து என்ன செய்வது? கத்தரிக்காயை வெட்டினாள். வெட்டும்போது கொம்பனிக்காரன், மாலுமி, தம்பி, வெள்ளைக்காரப் பேர் வைத்த மெசின், எல்லாரும் அவள் வாயில் அடிபட்டார்கள்.

மறுநாள் விடியவே சமையலை முடித்தாள். எட்டுக் கறி, இரசம், பாயாசம். குசினியில் எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, தம்பியோடு பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.

பான்ட் வாத்தியத்தோடு வரவேற்றார்கள். தயாபரனுக்கு மாலை. வெயிலில் நின்ற பிள்ளைகள் கைதட்டிக் களைத்துப் போயிருந்தன. மங்கல விளக்கை ஏற்ற ஏழெட்டுப் பேர் முண்டியடித்தார்கள், ஒவ்வொருவரும் திரியில் கைவைத்த கணத்தில் கமெராவைத்தான் பார்த்தார்கள். இராசேஸ்வரியை முன்வரிசையில், "குடும்பத்தினர்" என்று தாள் ஒட்டிய கதிரையில் இருத்தினார்கள். அதிபர் தம்பிஐயா ஒலிவாங்கியைப் பிடித்தார். பிடித்தால் இலேசில் விடுகிற மனிதர் இல்லை.

"எமது மண்ணின் மைந்தர், கொடை வள்ளல் தயாபரன் அவர்களின் இன்னொரு முகத்தை நேற்றிரவுதான் நான் அறிந்துகொண்டேன். அவர் எனக்கு அனுப்பிய படத்தைப் பார்த்து அசந்துபோனேன். சர்வதேச மின்னணு விளையாட்டில், முழு உலகத்திலும் ஏழாம் இடம்!"

கைதட்டல் எழுந்தது. இராசேஸ்வரி தம்பியைப் பார்த்தாள். அவன் மறுக்கப்போகிறான் என்று ஒரு கணம் நம்பினாள். கூடப்பிறந்தவன் என்பதால் வந்த நம்பிக்கை, வேறு காரணம் இல்லை. அவன் பொன்னாடையை ஏற்றுக்கொண்டு, அடக்கமாகத் தலையைக் குனிந்து, ஒலிவாங்கியை வாங்கினான்.

"பிள்ளைகளே, வேலை, குடும்பம், சங்கம் எல்லாவற்றுக்கும் நடுவில்தான் நான் பயிற்சி எடுத்தேன். என் பெயர் அந்த வரிசையில் நிற்கிறது என்றால், விடாமுயற்சிதான் காரணம்."

வாய் கூசாமல் சொன்னான். இராசேஸ்வரிக்கு மேசை போனபோது ஒரு துக்கம் இருந்தது. இப்போது அதுவும் இல்லை, வெறும் எரிச்சல் மட்டும் நின்றது. அந்த ஆறு வருடத்தில் அவளிடம் மிஞ்சியிருந்தது ஒரு எண். அதையும் இவன் சால்வையோடு சேர்த்துப் போர்த்துக்கொண்டான்.

ரப்புகளை ஒவ்வொரு பிரமுகராகக் கூப்பிட்டுக் கொடுப்பித்தார்கள். கடைசிப் பெட்டியைக் கொடுக்க "அன்புச் சகோதரி" அழைக்கப்பட்டாள். மேடையேறியவள் பெட்டியை வாங்கமுன் ஒலிவாங்கியை வாங்கினாள்.

"ஒரு சொல்லுச் சொல்லவேணும். அந்த ஏழாம் இடம் என்ர. விளையாடினது நான். இவர் அந்த மேசையைக் கண்ணாலையும் கண்டதில்லை."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். தேவாரம் கேட்கிற இராசேஸ்வரி அக்காவா, உலக விளையாட்டா?

"நம்பாட்டிக் கேட்டுப் பாருங்கோ. அந்தக் கடல்பூதத்தின்ர வாய் எப்பிடித் திறக்கிறது, தயா? சொல்லு பாப்பம்."

தயாபரன் சிரித்துக்கொண்டே அவள் தோளில் கைபோட்டான்.

"பூதத்தின்ர வாயோ? பட்டனை விடாமல் அமத்திக்கொண்டு நிண்டால் திறக்கும்!"

இதற்கு முன்னதைவிடக் கூடுதலாகக் கைதட்டினார்கள். "பொய்!" என்றாள் இராசேஸ்வரி. ஆனால் அதிபர் அதற்குள் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு, அக்காவும் தம்பியும் பகிடி விடுவதாகச் சபைக்கு விளக்கிவிட்டார். மேசை இருந்திருந்தால் அந்த இடத்திலேயே ரப்பைத் திறந்து, "இந்தா விளையாடு" என்று அவன் கையில் கொடுத்திருப்பாள். முதல் பந்திலேயே மாலுமி சிரித்திருப்பான். இப்போது அது எந்தக் கடையிலும் இல்லை. உலகத்தில் எங்கோ நாலு பேரிடம் இருக்கலாம், அந்த நாலு பேரும் மடத்துவெளிக்கு வரப்போவதில்லை. தயாபரனின் பொய்யை இனி ஒருவராலும் பரிசோதிக்க முடியாது. கொம்பனிக்காரன் அவளிடமிருந்து எடுத்ததை அவனுக்குக் காவலாகக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

பெட்டியை வாங்க வந்த பிள்ளை வினோஜா, பத்தாம் வகுப்பு. கையில் வாங்கியதும் மெல்லிய குரலில் கேட்டாள்.

"அன்ரி, இதுக்குள்ளை கேம் ஏதும் இருக்கோ?"

"இருந்தது பிள்ளை. இந்த ஐயா அழிச்சுப்போட்டார்."

பிள்ளை தயாபரனைப் பார்த்த பார்வையில் நன்றி கொஞ்சம் குறைந்தது. இராசேஸ்வரிக்கு அந்தக் காலையில் கிடைத்த ஒரே ஆறுதல் அது.

படம் எடுக்கிற படலம் தொடங்கியது. தயாபரன் பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்தி, பெட்டிகளை நெஞ்சுக்கு நேரே பிடிக்கச் சொல்லி, பதாகை மறைகிறது என்று திரும்பவும் கலைத்து நிறுத்திக்கொண்டிருந்தான். இராசேஸ்வரி மேடையின் பின்பக்கத்தால் இறங்கினாள். வாசலில் நின்ற ஓட்டோவில் ஏறினாள்.

"வீட்டையோ அக்கா?" என்றான் ஓட்டோக்காரன்.

"இல்லை. குறிகட்டுவான் துறைக்கு விடு."

துறையில் நயினாதீவுப் படகு புறப்பட நின்றது. திருவிழாச் சனத்தோடு சனமாக ஏறி, உயிர்காப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓரமாக இருந்தாள். கைப்பையில் பணமும் போனும் வீட்டுத் திறப்பும் இருந்தன. அக்கரையில் இறங்கி, அம்மனைக் கும்பிட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுப் பெறக்கூடிய சாமானாக அது இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அம்மனுக்கும் ஒப்பந்தக்காரரோடு மல்லுக்கட்ட ஏலாது. அன்னதான மடத்து வரிசையில் நின்று, தட்டோடு வந்து குந்தினாள். முதல் கவளத்தை எடுக்கும்போது போன் அடித்தது.

"அக்கா, எங்கை நிக்கிறியள்? அதிபர், கிராம சேவகர் எல்லாரும் வந்து முத்தத்திலை வெயிலுக்கை நிக்கினம். திறப்பு எங்கை?"

"என்னட்டைக் கிடக்கு."

"அப்ப கெதியா வாங்கோவன்."

"நான் நயினாதீவிலை. பின்னேரப் படகுக்குத்தான் வருவன்."

யாரோ "ஐயா, தண்ணி கிடைக்குமோ?" என்று கேட்பது போனுக்குள் தூரத்தில் கேட்டது.

"என்ன வேலை அக்கா இது? சாப்பாடெல்லாம் உள்ளுக்கை. நாங்கள் எப்பிடி உள்ளை போறது?"

"தயா, வீடு ஆற்ற பேரிலை?"

"என்ர பேரிலைதான். அதுக்கு இப்ப என்ன?"

"அந்த ஏழாம் இடமும் உன்ர பேரிலைதான். பேர் மட்டும் இருந்தாப் போதும், மற்றதெல்லாம் தானா வரும் எண்ட மாதிரித்தானே காலமை மேடையிலை கதைச்சனீ. இப்ப அந்தப் பேரைக் கதவுக்குச் சொல்லு, திறக்குதோ பாப்பம்."

அவன் ஏதோ சொல்லத் தொடங்கினான். இராசேஸ்வரி போனை நிறுத்திப் பைக்குள் வைத்தாள். மேசை போனது போனதுதான். இதெல்லாம் அந்த நட்டத்துக்கு ஈடாகாது, கால்வாசிக்கும் வராது. ஆனாலும் பசித்தது. அன்றைக்குப் பூசணிக்காய்க் கறி நன்றாக வாய்த்திருந்தது. பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி சோறு போடச் சொன்னாள்.